பாத்திரம் கழுவும் இடத்தை நகர்த்தியது யார்?

ராசா வட்டாரம், சிரம்பான்
10 ஜூன் 2024, திங்கள்

திரு. சத்தியசீலன் அவர்களுக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், நான் செய்த முதல் வேலை மடிக்கணினியைத் திறந்து ஏழாங்கட்டைக் கோயில் சமையற்கட்டை வரைந்து வைத்திருக்கும் இணையப் போர்டைப் பார்த்ததுதான். நேற்று மாலை கூட்டம் முடியும்வரை பாத்திரம் கழுவும் இடம் கிழக்கே, பின்கதவை ஒட்டி, நான் வரைந்த இடத்தில் இருந்தது. இன்று காலை அது செருப்பு விடும் இடத்தின் மேல் கிடக்கிறது. குழாய், தொட்டி, தரை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். அத்தனையும் அப்படியே போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அதைக் கிழக்கே வைக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

திருவிழாவன்று அறுநூறு பேர் சாப்பிட்டு முடித்த பிறகு தனலெட்சுமி அக்காவும் அவர் ஆட்களும் அந்தப் பெரிய அண்டாக்களை எங்கே வைத்துக் கழுவுகிறார்கள் தெரியுமா? லாரி வரும் பாதையில், வெயிலில், குந்தி உட்கார்ந்து. சேலை முழங்கால்வரை நனைந்து, கையெல்லாம் கரி. நாம் இரண்டு பேரும் அந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில்தான் பிறந்தோம், அங்கேதான் சாப்பிட்டோம். கழுவியவர்களை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் என் அம்மா அதில் ஒருத்தி. பிற்பகலில் நிழல் விழுவது கிழக்குப் பக்கம் மட்டும்தான். அதனால்தான் அங்கே வைத்தேன்.

அலுவலகத்தில் வாடிக்கையாளர்களோடு தினமும் இந்தப் போர்டில்தான் வீட்டுச் சமையலறைகள் வரைகிறேன். ஒரே படத்தைப் பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து பார்க்கலாம், சீட்டு ஒட்டலாம், சுலபம் என்று கமிட்டிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உடனே ஆறுமுகம் அண்ணன், "குழாய்க்கு உன் வீட்டுக்காரன் இருக்கானே, அவனையும் சேத்துக்கலா" என்றார். முப்பது வருஷம் தோட்டத்தில் மண்டோராக, கங்காணியாக, வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பியவர். தலைவரான பிறகும் பழக்கம் போகவில்லை. நாம் இரண்டு வருஷமாகச் சேர்ந்து இல்லை என்று பத்துப் பேர் இருக்கிற கூட்டத்தில் எப்படிச் சொல்வது? சேர்த்துவிட்டேன்.

தொலைபேசியில் பேசினால் ஒன்பதாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது, இனி மின்னஞ்சலில் எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். ஆகவே எழுதுகிறேன். என் படத்தில் கை வைக்காதீர்கள்.

ஷாமினிக்குப் பினாங்கில் அடுத்த வாரம் பரீட்சை. கூப்பிட்டுப் பேசுங்கள்.

புனிதா


பிந்துலு
12 ஜூன் 2024

புனிதாவுக்கு,

நான் நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டும் என்று நினைத்தேன், அது வேறு.

நினைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நிலம் மேற்குப் பக்கம் சரிந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் போகிறது. கிழக்கில் அண்டா கழுவினால் தண்ணீர் சமையற்கட்டுக்குள்ளே வந்து, அடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெளியே போகும். இதை மூன்று கூட்டங்களில் சொல்லியாயிற்று. நான் பேசும்போதெல்லாம் நீ போர்டில் கடிகாரத்தை ஓட விடுகிறாய். மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷம், எனக்கு மட்டும் இரண்டு. கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

ஷாமினியிடம் பேசினேன். "அம்மாவும் இதையேதான் கேட்டாங்க, ரெண்டு பேரும் பேசி ஒரே கால்ல கேளுங்களேன்" என்றாள்.

இன்னொரு விஷயம். இங்கே சரவாக்கில் என் இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. கம்பெனியில் ஐந்து வருஷத்துக்கு நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். ஜூலை 31க்குள் பதில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இதுதான் என் ஊர். அதன் அர்த்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன முறை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், நீ தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னேன். அது தவறு. இந்த முறை முன்னாலேயே கேட்கிறேன்.

போடட்டுமா?

சத்தியசீலன்


ராசா
17 ஜூன் 2024

சத்தியசீலனுக்கு,

நேற்றைய கூட்டத்துக்குப் பிறகு பாத்திரம் கழுவும் இடம் கழிப்பறைக்குள் இருந்தது. நகர்த்தவில்லை என்று எழுதிய ஐந்தாவது நாள். திருப்பிக் கொண்டுவந்து வைத்து, பூட்டுப் போட்டுவிட்டேன். இனி யார் இழுத்தாலும் அசையாது.

கூட்டம் வழக்கம்போலத்தான் இருந்தது. நீங்கள் பாதியில் இணைப்பு அறுந்து போய்விட்டதால் மீதியைச் சொல்கிறேன். அடுப்பு எத்தனை என்பதற்குச் சீட்டு ஒட்டச் சொன்னேன். தனலெட்சுமி அக்கா நாலு என்று ஒட்டினார். ஆறு என்று ஒட்டிய சசிதரன் நாலைக் கண்டதும் தன் சீட்டை அழித்துவிட்டு, "அக்கா சொன்னா சரிலா" என்று எழுதினார். டயர் கடையில் உட்கார்ந்துகொண்டு செயலாளர் வேலை பார்க்கிற மனுஷர், பின்னால் ஒரே காற்றடிக்கிற சத்தம். ஆறுமுகம் அண்ணன் பேத்தியின் டேப்லெட்டில் வந்தார். அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

போர்டின் உச்சியில் அம்மன் படத்தை ஒட்டியது அவர்தான். கோயில் கிழக்குப் பார்த்தது, படத்திலும் கிழக்குத்தான் மேலே இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அதற்குப் பிறகு அம்மனுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்ட ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. எத்தனை பெரிய போர்டு! மேலே எவ்வளவோ இடம் சும்மா கிடக்கிறது. நம் சமையற்கட்டு மட்டும் கீழே கீழே என்று போய்க்கொண்டிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ஆரத்தி. எல்லாரும் அவரவர் அம்புக்குறியை அம்மன் படத்தைச் சுற்றி மூன்று முறை சுற்ற வேண்டும். பத்து அம்புக்குறியும், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு பெயர். முதலில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது சுற்றாவிட்டால் என்னவோ போல இருக்கிறது.

உங்கள் மற்ற கேள்விக்கு யோசித்து எழுதுகிறேன்.

புனிதா


பிந்துலு
20 ஜூன் 2024

புனிதாவுக்கு,

பூட்டைத் திறந்தது நான்தான். மறைக்கவில்லை. வடிகால் குழாயை அதற்கடியில் வரைய வேண்டியிருந்தது, பூட்டிய இடத்துக்குள் கோடு போகவில்லை. வேலை முடிந்து மறுபடி பூட்ட மறந்துவிட்டேன். இடத்தை ஒரு அங்குலம்கூட அசைக்கவில்லை.

போர்டின் வலது கோடியில், யாரும் எட்டிப்பார்க்காத மூலையில், ஒரு மஞ்சள் சீட்டில் இதை எழுதி வைத்தேன். நீ அதற்குக் கீழே பச்சைச் சீட்டில் "உங்களுக்குக் கேட்டுச் செய்கிற பழக்கமே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நான் "பூட்டி வைத்தால் கேட்பது எப்படி?" என்று எழுதினேன். இன்று பார்த்தால் பதினாறு சீட்டு. குழாயில் ஆரம்பித்தது, 2009இல் என் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததுவரை போய்விட்டது. பரவாயில்லை. ஒன்பது நிமிஷத்தில் வைத்துவிட்டுப் போக முடியாத ஒரு சண்டை நமக்கு இப்போதுதான் அமைந்திருக்கிறது.

யோசித்து எழுதுவதாகச் சொன்னாய். ஐந்து வருஷம். போடட்டுமா?

சீலன்


ராசா
1 ஜூலை 2024

சீலன்,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டேன்.

நேற்றும் கூட்டம் முடிந்த பிறகு அந்த இடம் நகர்ந்திருந்தது. இந்த முறை காஸ் சிலிண்டர்களின் மேல். எனக்கு வந்த கோபத்தில் மூலையில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப் போனேன். சிவப்பை அதுவரை எடுத்ததில்லை. ஒட்டுவதற்குமுன், சாட்சியோடு எழுதுவோம் என்று, யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்கிற வரலாற்றைத் திறந்தேன். போர்டை நடத்துகிறவளுக்கு அது ஒரு சொடுக்கு தூரம். மூன்று வாரமாகத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை, யாரென்று எனக்குத்தான் தெரியுமே என்றிருந்தேன்.

ஜூன் 9, மாலை 6.31: ஆறுமுகம் நகர்த்தினார்.
ஜூன் 16, மாலை 6.28: ஆறுமுகம் நகர்த்தினார்.
ஜூன் 23, ஜூன் 30: ஆறுமுகம், ஆறுமுகம்.

ஆரத்தி நேரம். நமக்கெல்லாம் அம்புக்குறி, அவருக்கு விரல். அம்மன் படத்துக்கு நேர் கீழேதான் பாத்திரம் கழுவும் இடம். அங்கே விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். விரலோடு தொட்டி, குழாய், தரை எல்லாம் சேர்ந்து அம்மனை வலம் வந்து, அவர் விரலை எடுத்த இடத்தில் இறங்கியிருக்கின்றன. நான் பூட்டி வைத்திருந்த சில நாளும் கூட்டமில்லாத நாட்கள். நீங்கள் திறந்ததும் அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்பிவிட்டது.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதான் பாக்குறேன், கற்பூரத் தட்டு கனமா இருக்கற மாதிரியே இருந்திச்சு" என்றார்.

நான் உங்கள்மேல் பழி போட்டது தவறு. மன்னிக்கவும் என்று எழுதினால் அலுவலகக் கடிதம் போல இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

புனிதா


பிந்துலு
4 ஜூலை 2024

அன்புள்ள புனிதா,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சிரித்ததில் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்த ஈபான்காரர், இந்த ஊர்ப் பழங்குடி ஆள், முதுகில் தட்டினார். என்ன விஷயம் என்று கேட்டார். கோயில், அம்மன், பாத்திரத் தொட்டி, ஆரத்தி என்று மலாயில் விளக்கினேன். அவர் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மன்னித்தாயிற்று. கணக்கெல்லாம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. மூன்று வாரமாக ஒரு சொடுக்கு தூரத்தில் இருந்ததை நீ திறந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷமாக நான் ஏன் பிந்துலுவுக்கு வந்தேன் என்றும் நீ கேட்கவில்லை. கேட்காமல் போனது என் தவறு. ஏன் போனீர்கள் என்று கேட்காதது யார் தவறு என்று எனக்குத் தெரியவில்லை. சிரம்பான் தொழிற்சாலையில் எனக்குமேல் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவனைப் போட்டார்கள். தினமும் வந்து "அங்கிள், எல்லாம் ஓகேயா?" என்பான். அதை வீட்டில் வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

கழுவும் இடத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். நிழல் பக்கமே இருக்கட்டும். அந்தப் பகுதித் தரையை மட்டும் அரையடி உயர்த்தி, வெளிப்பக்கமாகச் சுற்றி ஒரு கால்வாய் விடுவோம். தண்ணீர் உள்ளே எட்டிப்பார்க்காது. நீ சொன்னது சரி, நான் சொன்னதும் சரி. இப்படி நடப்பது முதல் முறை என்பதால் தேதி போட்டு வைக்கிறேன்.

மூலையில் இப்போது நாற்பது சீட்டு ஆகிவிட்டது. தூங்கப் போகுமுன் ஒன்று எழுதுகிறேன், காலையில் உன் பதில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் நீ அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதில்லை.

போடட்டுமா?

சீலன்


ராசா
15 ஜூலை 2024

அன்புள்ள சீலன்,

நேற்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தரையை உயர்த்தும் யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தனலெட்சுமி அக்கா, "இனி முட்டிக்குத் தைலம் வாங்க வேண்டியதில்ல" என்றார். அடுத்து தரைக்கு எந்த ஓடு என்று ஓட்டெடுப்பு. ஆளுக்கு மூன்று ஓட்டு, பிடித்த சீட்டின் மேல் புள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லித் திறந்துவிட்டேன். அப்போதுதான் ஆறுமுகம் அண்ணனுக்கு விரல் வழுக்கியது.

"ஆளுங்க எல்லாம் எங்கம்மா? நான் மட்டும் தனியா நிக்கிறேன்லா இங்க. ஒரே சீட்டா கெடக்கு."

எங்கே நிற்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. "அண்ணே, ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், எல்லாரையும் தன்னிடம் அழைக்கிற பொத்தானை அழுத்திவிட்டார். போன வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வழி தவறினால் அழுத்துங்கள் என்று.

பதினோரு பேரும் அந்த மூலையில் போய் இறங்கினோம். ஐம்பத்திரண்டு சீட்டு. மஞ்சள் நீங்கள், பச்சை நான். பெயர் வேறு ஒட்டியிருக்கிறது.

தனலெட்சுமி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "'நீங்க கையெழுத்துப் போட்டப்புறம்தான் எனக்குச் சொன்னீங்க.' இது எந்த அடுப்புக்கு?"

சசிதரன் மட்டும், "தலைவரே, இதை கூட்டத்து மினிட் புக்ல ஏத்தணுமா?" என்றார்.

"'உன் சமையலைவிட இங்க கேண்டீன்ல உப்பு சரியா இருக்கு.' அடப்பாவி சீலா! இத எழுதுறதுக்கா ஒன்னை இஞ்சினியருக்குப் படிக்க வச்சாங்க?"

"அக்கா, போதும்" என்றேன் நான். "அக்கா, அதுக்கு அடுத்ததைப் படிங்க, வருத்தம்னு எழுதியிருக்கேன்" என்றீர்கள் நீங்கள். அந்த நேரத்திலும் உங்களுக்கு வாதம்!

ஆறுமுகம் அண்ணன் டேப்லெட்டை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு, "ஓட்டு இன்னும் தொறந்துதானே இருக்கு? எனக்கு மூணு இருக்கு, ஒண்ணும் போடல" என்றார். நான் ஓட்டெடுப்பை மூடப் போவதற்குள் முதல் புள்ளி விழுந்துவிட்டது. நம் இரண்டு பேரைத் தவிர ஒன்பது பேர், இருபத்தேழு புள்ளி. ஓடு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும். "கேட்டுச் செய்கிற பழக்கமே இல்லை" என்கிற என் சீட்டுக்கு ஒன்பது. ஒன்பது பேரும். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்து "பூட்டி வைத்தால் கேட்பது எப்படி?" என்கிற உங்கள் சீட்டுக்கும் ஒன்பது. அதே ஒன்பது பேர். மீதி ஒன்பதையும் நீங்கள் போன வியாழக்கிழமை ஒட்டிய அந்தச் சின்னச் சீட்டில் போட்டார்கள். "வீட்டுக்கு வரணும் போல இருக்கு." அதற்குக் கீழே நான் மட்டும்தான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆரத்தி எடுத்துக் கூட்டத்தை முடித்தோம். உங்கள் அம்புக்குறி எனக்குப் பின்னாலேயே சுற்றிவந்தது.

இன்று காலை ராசா கடைத்தெருவில் வெற்றிலை வாங்கப் போனேன். கமிட்டியில் இல்லாத ஒரு அம்மா, "கேண்டீன் உப்பு அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்.

புனிதா


பிந்துலு
22 ஜூலை 2024

அன்புள்ள புனிதா,

முடிவு செய்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

நேற்றுக் கூட்டத்துக்கு முன்னால் ஆறுமுகம் அண்ணன் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம். "ஒம்பது ஓட்டுலா தம்பி, ஒண்ணுகூட மாறல. நான் மண்டோரா இருந்த காலத்துல ஒம்பது பேர் ஒரு விஷயத்துக்குச் சேந்து கை தூக்கிப் பாத்ததே இல்ல" என்றார். தனலெட்சுமி அக்கா தனியாகக் கூப்பிட்டு, அடுத்த திருவிழாவுக்கு நான் நேரில் வந்து அண்டா கழுவ வேண்டும், உப்புக்கு அதுதான் தண்டனை என்றார். ஒத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்கிற கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். மேலாளர் வெளியூர் போயிருக்கிறார், 29ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறார். வந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில் வீட்டில் இருப்பேன். சிரம்பானில் எனக்கு வேலை கிடைக்குமா என்று தெரியாது. இன்னொரு சின்னப் பையன் "அங்கிள்" என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஷாமினியிடமும் சொல்லிவிட்டேன். "அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள். சந்தோஷப்படுவாள் என்றேன்.

சந்தோஷம்தானே?

உன்,
சீலன்


ராசா
25 ஜூலை 2024, வியாழன்

அன்புள்ள சீலன்,

உங்கள் கடிதத்தைத் திங்கட்கிழமையே படித்துவிட்டேன். மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. இதையும் எழுதி வைக்கிறேனே தவிர, இப்போது அனுப்பப் போவதில்லை.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் கொதிக்கிற நேரம்வரை. தேயிலை போடும்போது கோபம் வந்துவிட்டது. ஆறுமுகம் அண்ணனைக் கேட்டிருக்கிறீர்கள். தனலெட்சுமி அக்காவைக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது பேர் ஓட்டுப் போட்டார்கள் என்கிறீர்கள். அதில் என் ஓட்டு எங்கே? நடத்துகிறவள் என்று நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மறுபடியும் எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் தகவல் வருகிறது. இந்த முறை தள்ளுவண்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்தேன். ஜூன் 12: போடட்டுமா? ஜூன் 20: போடட்டுமா? ஜூலை 4: போடட்டுமா? மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். நான் ஆரத்தி பற்றி எழுதினேன், அடுப்பு பற்றி எழுதினேன், சசிதரனின் டயர் கடையில் காற்றடிக்கிற சத்தத்தைப் பற்றிக்கூட எழுதினேன். அதற்கு மட்டும் எழுதவில்லை. நாலாவது முறை நீங்கள் ஏன் கேட்பீர்கள்? ஓட்டு எண்ணத்தான் செய்வீர்கள்.

ஏன் எழுதவில்லை என்று இந்த மூன்று நாளாக யோசித்தேன். போடாதீர்கள் என்று எழுதி, நீங்கள் வந்து, இங்கே இன்னொரு பையன் தினமும் "அங்கிள்" என்று கூப்பிட்டு, நீங்கள் அதை வீட்டில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால், அது என்னால் வந்ததாகிவிடும். போடுங்கள் என்று எழுதினால் நீங்கள் போட்டுவிடுவீர்கள். இரண்டு பயத்துக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பது வசதியாக இருந்தது. அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது. மீதி பயம்.

இன்று காலை, அலுவலகத்தில், ஒரு வாடிக்கையாளர் வீட்டு அலமாரியை வரைந்துகொண்டே பிந்துலுவுக்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். நாளை வெள்ளி, பிற்பகல். திங்கள், செவ்வாய் விடுப்புக் கேட்டிருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை. ஷாமினிக்குத் தெரியாது. தனலெட்சுமி அக்காவிடம் சொன்னால் மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும், ஆகவே அவருக்கும் தெரியாது. உங்களையும் கேட்கவில்லை. கடைசி முறை, சத்தியமாக. விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு இந்தக் கடிதத்தை அனுப்புவேன். நான் இறங்கும்போது நீங்கள் படித்திருப்பீர்கள். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். உங்கள் விலாசம் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நிறுவனத்தின் பெயரோடு தானாக வருகிறது. இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அதை நான் வரைபடத்தில் தேடிப் பார்த்ததில்லை. நேற்றுத் தேடினேன். பக்கத்தில் ஆறு இருக்கிறதாமே. நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், நிறுத்திக்கொண்டேன். நான் கேட்கவில்லை.

சரவாக் நம் நாடேதான் என்றாலும், நம் பக்கத்து ஆட்களுக்கு அங்கே தொண்ணூறு நாள்தான் அனுமதி. நான் நாலே நாள்தான் இருப்பேன். நீங்கள் இருக்கிற அறையையும், அந்தக் கேண்டீனையும், உங்களைப் பைத்தியம் என்று நினைத்து மேசை மாறிப்போன அந்த மனுஷரையும் பார்க்க வேண்டும். எதை விட்டுவிட்டு வரப்போகிறீர்கள் என்று தெரியாமல் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இருவரும் ஒரே கணினியில் உட்கார்ந்தால் ஆரத்திக்கு ஒரு அம்புக்குறி குறைகிறது என்று ஆறுமுகம் அண்ணன் சத்தம் போடுவார். தனித்தனியாகவே சேருவோம், ஆளுக்கு ஒரு கணினியில்.

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குமுன், செருப்பு மாட்டுகிற நேரத்தில், இன்னொரு முறை என்னைக் கேளுங்கள். ஒன்பது பேர் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். "போடாதீங்க, வீட்டுக்கு வாங்க" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காகத்தான் கடலைத் தாண்டி வருகிறேன்.

புனிதா